வாய்க்காலுக்கு ஒரே நம்பர்

ஆத்தூரிலிருந்து வந்த தரகர் அறுவடை வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பெல்ட்டைப் பார்த்தார். கத்திப் பற்களை விரலால் தடவினார். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, காதைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். ஏதாவது குறை கிடைத்தால் விலையில் அடிக்கலாம் என்று வந்த மனிதர், குறை கிடைக்காததில் முகம் சுண்டிப்போனார்.

"வண்டிய நல்லாத்தான் வச்சிருக்கீங்க" என்று குற்றம் சாட்டுவது மாதிரி சொன்னார். "தை பொறந்ததும் லாரியோட வரேன். வேற யாருக்கும் வாக்குக் குடுத்துராதீங்க."

வண்டிக்குச் சொந்தக்காரி மதிவதனி சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வாங்க, பாக்கலாம்" என்றாள். அவர் போன பிறகு, ஷெட்டில் நின்ற இரண்டு வண்டிகளையும் பார்க்கப் பிடிக்காமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் பக்கிரி அவளுக்குச் சித்தப்பா முறை. அவர், தரகர் கைவைத்த இடத்தையெல்லாம் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஊரான் வயலில் குனிந்து கதிர் அறுத்தவர்கள். மகள் பாலிடெக்னிக் படித்தாள், எங்கெங்கோ வேலை பார்த்தாள், கடைசியில் சேற்றில் புதையாமல் போகிற பெல்ட் வண்டி ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்கே வந்து சேர்ந்தாள். பிறகு இன்னொன்றும், அவற்றை ஏற்றிப்போக ஒரு பழைய லாரியும் வாங்கினாள். வெட்டாற்றங்கரையில் பொம்பளை வண்டி என்றால் தெரியும். நெல் சிந்தாது, வரப்பு உடையாது, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கும். இப்படிப்பட்ட வண்டியை அறுவடைக்கு முந்தி யாராவது விற்பார்களா? விற்கத்தான் வேண்டும் என்கிற இடத்துக்கு அவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது ஒரு செல்போன் ஆப்.

ஆப்புக்குப் பெயர் 'வயலோலை'. நான்கு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கம்பெனி வந்தபோது அவளும் வாயெல்லாம் பல்லாகத்தான் வரவேற்றாள். விவசாயி நட்ட தேதியையும் நெல் ரகத்தையும் வயல் இருக்கும் இடத்தையும் அதில் பதிந்துவிட்டால் போதும். பயிர் பழுக்கிற சமயத்தில் பக்கத்திலிருக்கிற வண்டிக்குத் தகவல் போகும். நடுவில் தரகன் கிடையாது, தலையைச் சொறிகிற ஆள் கிடையாது. அவள் வண்டிகள் சீர்காழியிலிருந்து அதிராம்பட்டினம் வரைக்கும் ஓடின. ஒரே ஒரு விசித்திரம், எந்த விவசாயியின் பேரும் நம்பரும் அவள் கண்ணுக்குத் தெரியாது. 'விவசாயி 4471' என்றுதான் திரையில் வரும். போன் பேசினாலும் கம்பெனி வழியாகத்தான் பேச வேண்டும். வேலை முடிந்ததும் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். வயலில் வைத்து நம்பர் வாங்கினால் வண்டியை ஆப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால், தனியுரிமை என்றார்கள். நல்ல விஷயம்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

போன வருஷம் கம்பெனி தானே சொந்தமாக ஆரஞ்சுக் கலர் வண்டிகளை இறக்கியது. எந்த ஊரில் எந்த வயல் என்றைக்குப் பழுக்கும் என்பது கம்பெனியின் கைக்குள் இருந்தது. ரோட்டோரத்து நல்ல வயல்களுக்கெல்லாம் ஆரஞ்சு வண்டி முன்கூட்டியே போய் நின்றது. மதிவதனிக்கு வந்ததெல்லாம் வழியில்லாத மூலை வயல்களும், சாய்ந்து முளைவிட்ட பயிர்களும்தான். கிரிக்கெட்டில் அம்பயராக நிற்கச் சொன்னவன் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஆட வந்த கதையாகிவிட்டது. இந்த வருஷம் மார்கழி முடியப் போகிறது, அவளுக்கு ஒரு பதிவுகூட வரவில்லை.

போன அறுவடை முடிந்ததுமே மற்ற வண்டிக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு அவள் கம்பெனிக்கு எழுதியிருந்தாள். இத்தனை வருஷமாக நாங்கள் அறுத்துக் கொடுத்த விவசாயிகளின் பேரையும் நம்பரையும் கொடுங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம் என்று கேட்டாள். பதில் இனிக்க இனிக்க வந்தது. விவசாயிகளின் தனியுரிமை எங்களுக்கு உயிர், அதை யாருக்கும் தர முடியாது, சட்டம் அனுமதிக்காது. அதே விவரத்தை வைத்துக்கொண்டு சொந்த வண்டி ஓட்டுவதைப் பற்றி அந்தப் பதிலில் மூச்சே இல்லை.

தஞ்சாவூர் கோர்ட்டில் வக்கீலாக இருந்த அனுராதா, பள்ளிக்கூட நாளில் மதிவதனியோடு ஒரே பஸ்ஸில் போனவள், இரண்டு வகுப்பு மூத்தவள். அவள்தான் கம்பெனி மேல், வியாபாரத்தில் முறைகேடான போட்டியை விசாரிக்கிற போட்டி ஆணையத்தில் புகார் எழுதிக் கொடுத்தாள்.

"ரெண்டு சட்டம் இருக்கு மதி. பெரிய கம்பெனி தன் பலத்த வச்சுச் சின்னவங்கள நெரிக்கக் கூடாதுன்னு ஒண்ணு. ஒருத்தரோட விவரத்த அவரக் கேக்காம எடுக்கக் கூடாது, குடுக்கக் கூடாதுன்னு இன்னொண்ணு. ரெண்டும் நல்ல சட்டந்தான். இவன் ரெண்டாவதத் தூக்கி மொதல் சட்டத்துக்குக் குறுக்க போட்டுட்டான்."

"அந்த ரெண்டாவது சட்டம் நடப்புக்கு வந்துருச்சாக்கா?"

"முக்கியமான பகுதி இன்னும் வரல. தேதி குறிச்சிருக்காங்க. பூட்ட முன்னாடியே மாட்டிட்டான், சாவி அப்புறமா வருமாம்."

மதிவதனிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப அவன் சொல்றது பொய்யா?"

"பொய்னா சுலபமா ஒடச்சிரலாமே! பாதி நெசம், அதான் தொல்லை. முன்ன பின்ன தெரியாத ஒரு விவசாயி நம்பர ஒனக்குத் தூக்கிக் குடுன்னு கேக்க எனக்கே மனசு வரல. நாளைக்கு எவன் எவனோ வந்து கேப்பான். ஆனா விவசாயியே வந்து, என் விவரத்த என் கையில குடுன்னு கேட்டா? அது அவங்க சொத்துல்ல? அதத் தடுக்க இவன் யாரு?"

வெளியூர் விவசாயிகள் யாரென்றே தெரியாது, முதலில் கேட்க உள்ளூர்க்காரர்கள்தான் கிடைத்தார்கள். அங்கேதான் ஊமையன் வாய்க்கால் உள்ளே வந்தது. வெட்டாற்றிலிருந்து பிரிந்து மதிவதனியின் ஊருக்குப் பாய்கிற வாய்க்கால் அது. அதில் பாயும் வயல்காரர்கள் அத்தனை பேரும் வாய்க்கால் கூட்டம் போட்டுத்தான் தண்ணீர் முறையிலிருந்து தூர் வாருவதுவரை முடிவு செய்வார்கள். பேசி முடித்ததை அதிகாரிகளிடம் போய்ச் சொல்வது ஒரே ஆள். மேலத்தெரு இராஜாங்கம். பையன் சிங்கப்பூரில், இவர் இங்கே, சட்டைப் பையில் எப்போதும் ஒரு பெரிய போன். காது கொஞ்சம் மந்தம் என்பதால் அதன் மணியைக் கோயில் மணி அளவுக்கு ஏற்றி வைத்திருப்பார். அவர் மதிவதனியின் அப்பாவை வயலில் வேலை வாங்கியவர்தான். ஆனால் இப்போது அவர் வயலை அவள் வண்டிதான் அறுக்கிறது. வரும்போதே, "ஏம்மா, என் வயலுக்கு என்னைக்கு நாளு?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார்.

கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னதும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நம்ம வயலு, நம்ம நெல்லு, நம்ம நம்பரு. கேட்டா குடுக்காம எங்க போவான்? எல்லாருமா போவோம், கெளம்புங்க."

ஆணையத்துக்குக் கம்பெனி ஏற்கெனவே எழுத்தில் பதில் கொடுத்திருந்தது. ஒவ்வொரு விவசாயியும் தன் சொந்த போனில், தானே படித்துப் பார்த்து, தனித்தனியாகச் சம்மதம் கொடுத்திருக்கிறார் என்று அதில் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வழக்கு நீளுவதில் அவர்களுக்கும் இஷ்டமில்லை. தஞ்சாவூரில் ஒரு ஓட்டல் ஹாலில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று கூப்பிட்டார்கள். கூப்பிட்டது மதிவதனியையும் அனுராதாவையும்தான். வாசலில் வேன் வேனாக வந்து இறங்கிய ஊமையன் வாய்க்காலைப் பார்த்ததும், கம்பெனியின் வட்டார மேலாளர் பிரபு கூடுதல் காபிக்கு ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

பிரபு மன்னார்குடிப் பையன். பேச்சில் தேன் ஒழுகும். பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த கம்பெனி வக்கீல், மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

"நாங்க யாரையும் தடுக்கல" என்றான் பிரபு, எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டு. "மதிவதனி மேடம் கேட்டா குடுக்க முடியாது. நீங்க உங்க விவரத்த நீங்களே கேட்டா, இந்த எடத்துலயே குடுத்துர்றேன். பேரச் சொல்லுங்க, போனுக்கு ஓடிபி வரும், அந்த நம்பரப் படிச்சுக் காட்டுங்க. அவ்வளவுதான். யாரு மொதல்ல வரீங்க?"

பெருசுகளுக்கு ஓடிபி படிக்கத் தெரியாது, இரண்டு பேர் தடுமாறினால் மற்றவர்கள் தானாக எழுந்து போய்விடுவார்கள் என்பது அவன் கணக்கு. அது மதிவதனிக்கும் புரிந்தது. அதனால் முந்தின நாளே அத்தனை பேருக்கும் குறுஞ்செய்தியைத் திறந்து படிக்கப் பழக்கி அழைத்து வந்திருந்தாள்.

முதலில் ராமாயி எழுந்தாள். அவளுக்கு மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். ஒரு காலத்தில் கூலிக்கு நடவு நட்ட வயலையே பின்னால் கிரயம் செய்து வாங்கியவள். முந்தானையிலிருந்து பட்டன் போனை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். பிரபு அவள் பேரைத் தட்டினான்.

மணி அடித்தது. ராமாயியின் கையில் அல்ல, இராஜாங்கத்தின் சட்டைப் பையில்.

"சரி, அடுத்தவங்க" என்றாள் அனுராதா அவசரமாக.

தமிழரசன் எழுந்தான். எம்.ஏ. படித்துவிட்டு விவசாயம் பார்க்கிறவன், கையில் ஸ்மார்ட்போன். பேரைத் தட்டினார்கள். மறுபடியும் இராஜாங்கத்தின் பைக்குள்தான் கோயில் மணி அடித்தது. மூன்றாவது ஆளுக்கும் அப்படியே. நான்காவது ஆள் எழுந்ததும் எல்லோருடைய பார்வையும் அந்தச் சட்டைப் பைக்கே போய்விட்டது. அது அடித்ததும் ஹால் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. காபி கொடுக்க வந்தவர்கூடத் தட்டை வைத்துவிட்டுச் சிரித்தார்.

மதிவதனி மட்டும் சிரிக்காமல் இராஜாங்கத்தின் பக்கம் திரும்பினாள். எல்லோரும் நம்பர் கொடுத்திருக்கிறீர்களா என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லோரும் தலையாட்டினார்களே! யாருடைய நம்பர் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லையே!

"என்னங்கய்யா இது?" என்றாள் தாழ்ந்த குரலில்.

இராஜாங்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். "அன்னிக்குக் கம்பெனிப் பய வந்தான்மா, வாய்க்கா கூட்டத்துக்கு. எல்லார் நம்பரும் வேணும்னான். வாய்க்கா விஷயம்னா எல்லா ஆபீஸ்லயும் என் நம்பர்தானே இருக்கு? அதையே எல்லாருக்கும் போட்டுக்கப்பான்னேன். அவனுக்கும் வேல சீக்கிரம் முடிஞ்சுது. ஒக்காந்த எடத்துலேயே அத்தன பேரையும் ஏத்திட்டான். வந்த ஓடிபியெல்லாம் நான்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், வருஷா வருஷம் நட்ட தேதியும் நானே சொல்லிருவேன்." பிறகு ரொம்ப நாளாக மனசில் இருந்த ஒன்றையும் போட்டு உடைத்தார். "அதுலேருந்து ராமாயிக்குப் பொறந்தநாள் வாழ்த்தெல்லாம் எனக்குத்தான் வருது."

சிரிப்பு இன்னும் கூடியது. பிரபுவின் முகம் பிரகாசமாகிவிட்டது. இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

"பாத்தீங்களா மேடம்? இதுக்குத்தான் நாங்க ஜாக்கிரதையா இருக்கோம். எல்லாம் ஒரே நம்பர். யார் யாருன்னு எங்களால உறுதி பண்ண முடியாது. அவங்க போன் இல்லாதப்ப, அது அவங்க கோரிக்கைன்னு எப்படி எடுத்துக்கறது? மன்னிக்கணும், செல்லாது."

செல்லாது. ஆத்தூர் லாரி ஷெட்டு வாசலில் நிற்பது மதிவதனியின் கண்ணில் தெரிந்தது. பக்கிரி சித்தப்பா துணியோடு ஒதுங்கி நிற்பதும் தெரிந்தது. அழுகைதான் முதலில் வந்தது. பிறகுதான் அந்தச் சொல் முள்ளாக உறுத்தியது. செல்லாதா? எது செல்லாது?

எழுந்து நின்றாள்.

"சார், ராமாயி பெரிம்மா போன் இல்லாததால அவங்க கேக்கறது செல்லாதுன்னு சொல்றீங்க."

"ஆமாங்க மேடம். அதான் முறை."

"அப்ப அவங்க விவரத்த எடுத்துக்கலாம்னு உங்களுக்குச் சம்மதம் குடுத்தது யாரு?"

பிரபு பக்கத்திலிருந்த வக்கீலைப் பார்த்தான்.

"நான் குடுக்கலப்பா" என்றாள் ராமாயி, உட்கார்ந்த இடத்திலிருந்தே. "அன்னிக்கு நான் கூட்டத்துக்கே வரல. நாத்து பறிச்சுக்கிட்டு இருந்தேன். போன தையில ஒரு ஆரஞ்சு வண்டி வந்து வரப்புல நிக்கிது. ஒன் நெல்லு பழுத்துருச்சும்மா, அறுத்துரலாமாங்கறான். ஒனக்கு எவன்டா சொன்னான்னு கேட்டேன். எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குங்கறான்."

இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. சென்னை வக்கீல் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டுல ஒண்ணச் சொல்லுங்க சார்" என்றாள் மதிவதனி. "இவங்க எல்லாருக்கும் சேத்து ஐயா குடுத்த சம்மதம் செல்லும்னா, இப்ப எல்லாருக்கும் சேத்து ஐயாவே கேக்குறாரு, விவரத்தக் குடுங்க. அது செல்லாதுன்னா, அன்னிக்கு வாங்குன சம்மதமும் செல்லாது. இத்தன வருஷம் யாரக் கேட்டு இவங்க விவரத்த வச்சுக்கிட்டீங்க? யாரக் கேட்டு அத வச்சு ஒங்க வண்டிய ஓட்டுனீங்க? வாங்கறப்ப ஒரே நம்பர் போதும், குடுக்கறப்ப மட்டும் போதாதா?"

"அப்படிக் கேளு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

அனுராதா எழுந்திருக்கவே இல்லை. நாற்காலியில் சாய்ந்தபடி சென்னை வக்கீலிடம் மட்டும் பேசினாள். "சார், ஒவ்வொருத்தரும் சொந்த போன்ல, தானே படிச்சுப் பாத்துச் சம்மதம் குடுத்தாங்கன்னு ஆணையத்துக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. கையெழுத்து ஒங்களோடதுதான். இந்த ஒரு வாய்க்கா கத இது. டெல்டாவுல எத்தன வாய்க்கா இருக்குன்னு நாங்க வேணா விசாரிச்சுப் பாக்கட்டுமா?"

சென்னை வக்கீல் மடிக்கணினியை மெதுவாக மூடினார். பிரபுவின் முகத்தில் ஈயாடவில்லை. "கொஞ்சம் வெளிய போய்ப் பேசிட்டு வரோம்" என்று இருவரும் எழுந்தார்கள். அவர்கள் கதவைத் தாண்டுவதற்குள் இராஜாங்கத்தின் போன் இன்னொரு முறை அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, "இது சிங்கப்பூரு, எம்மவன்" என்றார் பெருமையாக.

வெளியே போனவர்கள் திரும்பி வந்தபோது பிரபுவின் தேன் வற்றியிருந்தது. பேசியது முழுக்க வக்கீல்தான். அனுராதா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். டெல்டாவில் வயலோலையில் இருக்கிற ஒவ்வொரு விவசாயியிடமும் கம்பெனி போய், அவரவர் நம்பரை வாங்கி, தமிழில் கேட்க வேண்டும். உங்கள் விவரம் எங்களிடம் இருக்கலாமா, நீங்கள் விரும்பும் வண்டிக்காரருக்கு அதைக் கொடுக்கலாமா, எங்கள் வண்டிக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். வேண்டாம் என்கிறவரின் விவரத்தை அழித்துவிட வேண்டும். கேட்காமல் இனி ஓர் ஆரஞ்சு வண்டியும் வரப்பில் வந்து நிற்கக் கூடாது.

"மதி, ஒண்ணு புரிஞ்சுக்க" என்றாள் அனுராதா படியிறங்கும்போது. "விவசாயிங்க வேணாம்னு சொன்னா விவரம் ஒனக்கும் வராது. அவங்ககிட்ட ஒனக்கு என்ன பேருன்னு அப்பத்தான் தெரியும்."

"தெரியட்டும்க்கா" என்றாள் மதிவதனி. சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

பொங்கல் வந்து போயிற்று. கம்பெனி ஆட்கள் ஊமையன் வாய்க்காலுக்கு வந்து வீடு வீடாக நம்பர் மாற்றினார்கள். இராஜாங்கத்தின் போன் ஓய்ந்துபோனது. வாழ்த்துச் சொல்ல ஆளில்லையே என்று அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். ராமாயி தன் பட்டன் போனில் வந்த கேள்வியைத் தமிழரசனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, மூன்றில் ஒன்றுக்கு ஆமாம், இரண்டுக்கு இல்லை என்று தானே அழுத்தினாள். எதற்கு ஆமாம் என்று கேட்டவரிடம், "அது என் விஷயம்" என்றாள்.

ஆனால் உள்ளூர் வாய்க்கால் ஒன்றை வைத்து இரண்டு வண்டியை ஓட்ட முடியாது. வெளியூர் விவசாயிகளுக்குக் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கம்பெனி சொன்னது. மதிவதனியின் போன் வாயைத் திறக்கவில்லை. சொன்ன சொல் தவறாமல் ஆத்தூர்த் தரகர் மட்டும் காலி லாரியோடு வந்து ஷெட்டு வாசலில் இறங்கினார்.

"என்னங்க, ஏத்திரலாமா?"

பக்கிரி சித்தப்பா துணியைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தார். மதிவதனி சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு நாள் தள்ளிப்போட என்ன பொய் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"மதிவதனியாம்மா?" வயதான பெண் குரல். "அதிராம்பட்டினத்துலேருந்து கமருன்னிஸா பேசுறேன். ரெண்டு வருஷமா என் வயல நீங்கதான் அறுத்தீங்க. ஒங்க பேரும் நம்பருமே எனக்கு நேத்துத்தான் தெரியும். யாருக்கு விவரத்தக் குடுக்கணும்னு கேட்டான், அந்தப் பொம்பளப் புள்ள வண்டிக்குத்தான்னேன். என்னைய அவன் 4471னு பேரு வச்சிருந்தானாமே?"

மதிவதனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஒரு மணி சிந்தாம அறுத்தீங்க, வரப்பக்கூட மிதிக்கல. அப்பவே அந்த ஆப்புல எழுதிப் போட்டேனே, அல்லா ஒன்ன நல்லா வைக்கட்டும்னு. வந்துச்சா?"

"வரலைங்கம்மா" என்றாள். "இப்பத்தாங்கம்மா வருது." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சிரித்தாள்.

"போர்த் தண்ணியில முந்தியே நட்டோம், பழுத்து நிக்கிது. இன்னைக்கே வருவீங்களா? பக்கத்து வயக்காரங்களும் ஒங்களத்தான் கேக்குறாங்க."

"வரேம்மா. சாயந்தரத்துக்குள்ள வந்து நிப்போம்."

வைத்த கையோடு மறுபடியும் அடித்தது. சீர்காழி. அதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னொன்று. குறுஞ்செய்தி ஒலி ஓயாமல் கேட்டது. இராஜாங்கம் தெருவிலிருந்தே, "என்னம்மா, என் போனு சத்தம் ஒன் போனுக்கு வந்துருச்சா?" என்று கத்தினார். இத்தனை வருஷமாக எண்களாக இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். பக்கிரி சித்தப்பா தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒரு வண்டியை ஸ்டார்ட் செய்து மதிவதனியின் லாரியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். சீர்காழிக்கு அது போகும். அதிராம்பட்டினத்துக்கு இன்னொரு வண்டி போக வேண்டும், அவளிடம் இருப்பதோ ஒரே லாரி.

தரகர் கையைக் கட்டிக்கொண்டு ஒன்றும் விளங்காமல் நின்றார். "அப்ப ஏத்தலாமா, வேணாமா? சொல்லுங்க, லாரி சும்மா நிக்கிதுல்ல."

மதிவதனி அந்தக் காலி லாரியை மேலும் கீழும் பார்த்தாள். அவர் அன்றைக்குச் செய்தது மாதிரியே சுற்றி வந்து, குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தாள்.

"லாரிய நல்லாத்தான் வச்சிருக்கீங்கண்ணே" என்றாள். "ஏத்துங்க. அதிராம்பட்டினத்துக்கு வாடகை எவ்வளவு?"